எழுத்து கேபிளைத் தொடும் இடம்

இசையை நிரலாக எழுதும் மென்பொருள்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் மொழியின் அழகோடு நின்றுவிடுகின்றன. ஒரு தாளக்கட்டை எவ்வளவு சுருக்கமாக எழுதலாம், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பவைதான் வழக்கமான அளவுகோல்கள். மென்பொருள் தன் சொந்த ஒலியை மட்டும் எழுப்பும்வரை இவை போதும். அதே நிரல் மேசைமேல் இருக்கும் ஒரு சிந்தசைசரையோ டிரம் மெஷினையோ மிடி என்ற கருவி இணைப்பு நெறிமுறை வழியாக இயக்க வேண்டும் என்று வந்துவிட்டால் போதாது. ஆணை சரியான கருவிக்குப் போகிறதா, சரியான நேரத்தில் போகிறதா, நிறுத்து என்றால் ஒலி நிற்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்று கேள்விகளில் தடுமாறும் மென்பொருள், மொழியழகில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், இசைக்கோப்புக் கருவியாக முழுமை பெறவில்லை என்பதே என் நிலை. அந்த அளவுகோலால் டைடல் சைக்கிள்ஸ், சோனிக் பை, ஆர்கா ஆகிய மூன்றையும் இங்கே நிறுத்துப் பார்க்கிறேன்.

இவற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மூன்றுமே வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழுதித் திருத்தத்தக்கவை. மூன்றுமே இலவசமாகக் கிடைப்பவை; மூலநிரல் திறந்தவை. ஆனால் வெளிக் கருவியை எங்கே, எப்படிச் சுட்டுவது என்பதில் மூன்றும் மூன்று திசையில் போகின்றன. சிசவுண்ட் போன்ற மூத்த மரபு, மிடிக் கருவியின் எண்ணைத் தொடக்கக் கட்டளையிலோ கோப்பின் தலைப்பகுதியிலோ கொடுத்துவிட்டு நகர்ந்தது. ஒரு கோர்வையை முழுதாக எழுதி முடித்து ஓடவிடும் முறைக்கு அது பொருத்தம்தான். எழுதிக்கொண்டே வாசிப்பவருக்கு, கருவியைச் சுட்டும் வரியும் இசையின் ஒரு பகுதி. அதனால்தான் அந்த வரி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு எடை.

சோதனைக்கு ஒரு கருவியை முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. கார்க் நிறுவனத்தின் வோல்கா பீட்ஸ் என்ற சிறிய டிரம் மெஷின் போதும். ஐந்து முள் கொண்ட மிடி உள்வாயில் ஒன்றுதான் இதற்கு உண்டு, வெளிவாயில் இல்லை. எந்தச் சேனலில் கேட்க வேண்டும் என்பதை, மெமரி பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரத்தை இயக்கி, பதினாறு படிப் பொத்தான்களில் ஒன்றைத் தொட்டுத் தீர்மானிக்கிறோம். ஒவ்வொரு தாள ஒலிக்கும் ஒரு ஸ்வர எண் நிலையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது: கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46. தவறான சேனலில் அனுப்பினாலும், ஒதுக்கப்படாத எண்ணை அனுப்பினாலும் அது பேசாமல் இருக்கும். பிழை எங்கே என்று அது எதையும் காட்டாது. சொல்லி அனுப்பத் திரும்பும் வழியும் இல்லை. எழுத்துவழி மென்பொருளின் தரத்தைச் சோதிக்க இப்படி ஒரு பேசாக் கருவியைவிட நல்ல உரைகல் கிடைக்காது.

இந்த மௌனத்துக்கான பழியை யார்மேல் போடுவது என்பதில் நியாயம் வேண்டும். 1983இல் வகுக்கப்பட்ட மிடி நெறிமுறை அடிப்படையில் ஒருவழிப் பாதை. விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் செய்திகள் போகும். பெற்றுக்கொண்டேன் என்ற மறுமொழி வராது. கேபிள் மறுமுனையில் கழன்று கிடந்தால் எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது. ஒரு ஸ்வரத்தைத் தொடங்கும் செய்தி மூன்று பைட். கம்பியில் அது கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. பத்து ஸ்வரம் கொண்ட அடுக்கை ஒரே கணத்தில் எழுதினாலும் கடைசி ஸ்வரம் முதலாவதைவிட எட்டு ஒன்பது மில்லி விநாடி பிந்தியே சேரும். இவை நெறிமுறையின் எல்லைகள். மென்பொருளின் கணக்கில் இவற்றை எழுதக் கூடாது. மென்பொருள் அறியக்கூடியவை வேறு: இயங்குதளம் இப்போது எந்தெந்தப் போர்ட்டுகளைக் காட்டுகிறது, நான் எழுதிய பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, நான் தொடங்கிவைத்த ஸ்வரங்களில் எவை இன்னும் முடிக்கப்படவில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் அது மென்பொருளின் குற்றம்.

டைடலிலிருந்து தொடங்குகிறேன், மூன்றிலும் இசையறிவு மிகுந்தது அதுதான் என்பதால். அலெக்ஸ் மெக்லீன் ஹாஸ்கெல் மொழிக்குள் கட்டிய இதில் காலம் ஓர் ஆவர்த்தனமாகச் சுழல்கிறது. ஆவர்த்தனத்தின் பகுதிகள் பின்னங்களாகவே கணக்கிடப்படுகின்றன. மூன்றில் ஒரு பங்கு என்றால் மூன்றில் ஒரு பங்கேதான். தசமத்தில் தேய்ந்து, நூறாவது சுற்றில் நழுவும் பேச்சில்லை. எட்டு இடங்களில் மூன்று அடிகளைச் சீராகப் பரப்ப ஓர் அடைப்புக்குறி போதும். ஐந்தும் ஏழும் ஒன்றோடொன்று ஓட ஒரு வரி போதும். ஒரு கோலத்தை (பேட்டர்ன்) திருப்பி, நகர்த்தி, நான்கு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் இரட்டித்துப் பார்ப்பதற்கு டைடல் தரும் சொற்களஞ்சியம் மற்ற இரண்டிலும் இல்லை. இந்தச் சாதனையை எந்தக் குறையும் மறைத்துவிட முடியாது, மறைக்கவும் கூடாது.

ஆனால் டைடல் தானாக எந்த ஒலியையும் எழுப்புவதில்லை. மிடிச் செய்தியையும் தானே அனுப்புவதில்லை. எழுதியது ஹாஸ்கெலில் கணக்கிடப்பட்டு, வலைப்பின்னல் செய்தியாக 57120 என்ற போர்ட்டுக்குப் போகிறது. அங்கே ஒலித்தொகுப்பு மென்பொருளான சூப்பர்கொலைடரும், அதற்குள் டைடலின் ஒலிப்பொறியாக ஓடும் சூப்பர்டர்ட்டும் காத்திருக்கின்றன. அங்கிருந்து இயங்குதளத்தின் மிடி அடுக்கு, அதன்பின் கேபிள். வோல்காவைப் பேசவைக்க வேண்டுமானால் சூப்பர்கொலைடரைத் திறந்து, மிடி வாடிக்கையாளரைத் தொடங்கி, கருவியின் பெயரையும் போர்ட்டின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்து, அப்படிக் கிடைத்ததை மிடி என்றோ வோல்கா என்றோ ஒரு பெயரில் சூப்பர்டர்ட்டின் ஒலி நூலகத்தில் சேர்க்க வேண்டும். இவை எல்லாம் வேறொரு மொழியில், வேறொரு சாளரத்தில், வேறொரு கோப்பில் நடக்கின்றன. அதன் பிறகுதான் டைடலில் அந்தப் பெயரையும் சேனல் எண்ணையும் எழுதி வாசிக்க முடியும்.

இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது இங்கே என் குறையில்லை. கற்றுக்கொண்டால் தீர்ந்தது. குறை, கோர்வை இரண்டாக வெட்டுப்படுவது. ஒருவர் எழுதிய டைடல் கோப்பை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் வோல்கா என்ற சொல் இருக்கும்; அது எந்தப் போர்ட்டை, எந்தக் கருவியைக் குறித்தது என்பது அந்தக் கோப்பில் இருக்காது. அந்தத் தகவல் சூப்பர்கொலைடரின் தொடக்கக் கோப்பில் கிடக்கிறது. வேறு கணினிக்குப் போனால் அது கூட வருவதில்லை. எழுத்தில் இசை எழுதுவதன் முதல் நியாயமே, எழுதியது முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது, பிறருக்குக் கொடுக்கலாம், மீண்டும் அப்படியே எழுப்பலாம் என்பதுதான். டைடலின் மிடி ஏற்பாடு அந்த நியாயத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

பிழை நேரும்போது இந்தப் பிளவு இன்னும் வெளிப்படையாகிறது. நூலகத்தில் கருவியைச் சேர்க்க மறந்தாலோ, தொடக்கக் கோப்பு பாதியில் தடைபட்டாலோ, டைடல் சாளரத்தில் எல்லாம் இயல்பாகவே ஓடுகிறது. சூப்பர்கொலைடர் சாளரத்தில் மட்டும், அந்தப் பெயரில் சிந்த்தோ மாதிரி ஒலியோ இல்லை என்று ஒரு வரி சுற்றுக்குச் சுற்று விழுந்துகொண்டிருக்கிறது. புதிதாக வருபவர் தொலைந்துபோன ஒலிக்கோப்பைத் தேடப் போவார். அவருக்குத் தேவைப்பட்ட செய்தி, இந்தப் பெயரில் எந்த மிடிக் கருவியும் இணைக்கப்படவில்லை என்பது. லினக்ஸில் ஒரு படி கூடுதல். ஆல்சா அடுக்கில் போர்ட்டைத் திறப்பது ஒன்று, அதைக் கருவியோடு இணைப்பது இன்னொன்று. இணைப்பு விட்டுப்போனால் பெயர் சரி, நூலகம் சரி, செய்தியும் புறப்படுகிறது, ஒலி மட்டும் வருவதில்லை. ஏகனெக்ட் கட்டளையால் பட்டியலைப் பார்த்து, கையால் இணைக்கத் தெரிந்தவர்தான் அந்த இடத்தைத் தாண்டுவார்.

எண்களிலும் ஒரு சிக்கல். டைடலில் ஸ்வரம் 0 என்றால் மிடியில் 60. ஆகவே வோல்காவின் கிக் ஒலிக்கு மைனஸ் 24, ஸ்னேருக்கு மைனஸ் 22. ராக ஆலாபனைக்கு, சுருதி மாற்றிப் பார்ப்பதற்கு, ஆதாரத்தைப் பூஜ்யமாக வைப்பது அறிவார்ந்த தேர்வு. டிரம் மெஷினுக்கு அது வீண் கழித்தல். சேனலை டைடல் 1இலிருந்து எண்ணுகிறது, கருவியின் முகப்பில் உள்ளது போலவே, அது நன்று. அடியிலுள்ள சூப்பர்கொலைடர் 0இலிருந்து எண்ணுவதால், அங்கே நேரடியாகச் சோதித்துப் பார்ப்பவர் ஓர் எண் தள்ளிப்போவார்.

காலத்தைப் பொறுத்தவரை டைடலின் அடித்தளம் உறுதியானது. ஒவ்வொரு நிகழ்வும் நேர முத்திரையோடு முன்கூட்டியே அனுப்பப்படுகிறது. கணினி எழுப்பும் ஒலியும் மிடிக் கருவியின் ஒலியும் ஒரே கணத்தில் விழ, மிடி வெளியீட்டுக்குத் தனியே ஒரு தாமத மதிப்பு வைக்கலாம், ஆவணங்கள் 0.45 விநாடியை எடுத்துக்காட்டாகத் தருகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மதிப்பு தர முடிவது மற்ற இரண்டையும் விஞ்சும் நுணுக்கம். காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டிய எண் அது. ஒருமுறை பொருந்திவிட்டால் கிக்கும் மாதிரி ஒலியும் ஒரே அடியாகக் கேட்கின்றன.

கடிகாரத் துடிப்புக்கு வந்தால் நிறையும் குறையும் ஒரே முடிவிலிருந்து பிறக்கின்றன. மிடிக் கடிகாரம் கால் ஸ்வரத்துக்கு 24 துடிப்பு. டைடலில் அந்தத் துடிப்பையும் ஒரு கோலமாகவே எழுதுகிறோம். ஆவணம் சுற்றுக்கு 48 என்று எழுதிக் காட்டுகிறது. அதாவது ஒரு சுற்றில் இரண்டு கால் ஸ்வரம். ஒரு சுற்றை நான்காக எண்ணிப் பழகியவர் அதை அப்படியே எடுத்தால் வோல்கா பாதி வேகத்தில் ஓடும். அவர் 96 எழுத வேண்டும். கடிகாரமும் இசையும் ஒரே மொழியில் எழுதப்படுவது கருத்தளவில் ஒழுங்கானது. கடிகாரத்தை வேண்டுமென்றே இரட்டித்து டிரம் மெஷினை மட்டும் ஓடவைக்கும் சுதந்திரம் அதனால் கிடைக்கிறது. ஆனால் இசையை ஒரே சொல்லில் அடக்கும் ஹஷ் கட்டளை கடிகாரத்தையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. துடிப்பு நிற்கும்; நிறுத்து என்ற செய்தி போகாது. பின்தொடரும் கருவி என்ன செய்யும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். மேடையில் நிசப்தத்தை விரும்பி அந்தச் சொல்லை எழுதுபவர், காலப்பிரமாணத்தை இழக்க விரும்பி எழுதுவதில்லை. தனித்தனிக் கோலங்களை நிறுத்திக் கடிகாரத்தை மட்டும் விட்டுவைக்கலாம் என்பது உண்மை. அந்தப் பொறுப்பை வாசிப்பவர் தலையில் ஏற்றியது வடிவமைப்பின் பிழை.

வோல்காவோடு சேரும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடங்கு என்ற செய்தி கிடைத்ததும் அது தன்னுள் பதிந்திருக்கும் தாளக்கட்டையும் ஓட்டத் தொடங்கும். நிரலிலிருந்து வரும் கிக் ஒன்று, உள்ளிருந்து வரும் கிக் ஒன்று என்று இரட்டை அடி விழும். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் தொடங்குவதுதான் வழி. மூன்று மென்பொருளுக்கும் இது பொது. ஆகவே இதை எதன் கணக்கிலும் சேர்க்கவில்லை.

சோனிக் பை கேம்பிரிட்ஜில் சாம் ஏரன் 2012இல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளையும் ராஸ்பெரி பையையும் மனத்தில் வைத்து உருவானது. அந்தப் பிறப்பைக் காட்டி அதைச் சிறுவர் கருவி என்று தள்ளுவது இத்துறையில் பழகிப்போன அநீதி. 2017இல் வந்த மூன்றாம் பதிப்பு மிடியை உள்ளே கொண்டுவந்தபோது, கருவியைச் சுட்டும் பிரச்சினைக்கு அது கண்ட தீர்வு மூன்றிலும் தெளிவானது. விருப்பங்கள் சாளரத்தில் மிடி உள்ளீடுகளும் வெளியீடுகளும் பெயரோடு பட்டியலாகத் தெரிகின்றன. அந்தப் பெயரை நிரலின் முதல் வரியில் இயல்பு போர்ட்டாகவும், கூடவே சேனலையும் எழுதிவிடலாம். அதன்பின் வரும் ஒவ்வொரு மிடி வரியும் அங்கேயே போகும். ஒரு பகுதிக்கு மட்டும் வேறு கருவி வேண்டுமென்றால் அந்தப் பகுதியைச் சுற்றி வேறு இயல்பை எழுதலாம். கிக் ஒலிக்கு 36 என்று எழுதினால் 36 போகிறது. கோர்வையும் கருவியும் ஒரே தாளில் இருக்கின்றன.

போர்ட் எதையும் சொல்லாவிட்டால் செய்தி இணைந்துள்ள எல்லாப் போர்ட்டுகளுக்கும் போகிறது. முதல்முறை கேபிளைச் செருகுபவருக்கு ஒலி உடனே கிடைக்க இதைவிடச் சுருக்கமான வழியில்லை. நான்கு கருவிகள் வைத்திருப்பவருக்கு இதே இயல்பு ஆபத்து. ஒரு வரியில் போர்ட்டை எழுத மறந்தால், அந்தச் சேனலில் காது கொடுத்திருக்கும் கருவிகள் எல்லாம் சேர்ந்து வாய் திறக்கும். தொடங்குபவரின் பக்கம் சாய்ந்த முடிவு இது. ஒரே வரியில் மாற்றிவிடலாம் என்பதால் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. பெயர்களின் நிலைத்தன்மையில்தான் உண்மையான சிக்கல். இயங்குதளம் தரும் பெயரைச் சிறிய எழுத்தும் அடிக்கோடுமாகச் சோனிக் பை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. இயங்குதளத்துக்கு இயங்குதளம் மூலப்பெயரே மாறுகிறது. மேக்கில் எழுதிய நிரல் லினக்ஸில் அந்தப் பெயரைக் காணாது. இந்தக் குறையில் மூன்றுக்கும் பங்குண்டு. சோனிக் பையில் மாற்ற வேண்டியது ஒரே இடம், அதுவும் கண்ணெதிரே இருக்கும் இடம்.

ஸ்வரத்தைத் தொடங்கும் செய்தியையும் முடிக்கும் செய்தியையும் தனித்தனியே அனுப்ப இரண்டு கட்டளைகள் உண்டு. நீட்டிப்பு அளவோடு இரண்டையும் சேர்த்து அனுப்ப ஒற்றைக் கட்டளையும் உண்டு. தனியே எழுதுபவர், முடிவுச் செய்தி போகுமுன் நிரலை நிறுத்தினால் ஆர்கன் ஒலி தொங்கிக்கொண்டே நிற்கும் நிலை வரலாம். எல்லா ஸ்வரங்களையும் அடக்கும் கட்டளை அதற்காகவே இருக்கிறது. பயிற்சி நூல் மிடி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக, எதையும் முன்கூட்டி அறிந்திருப்பதாக எண்ணாமல் விளக்குகிறது. ஆவணத்தின் தரம் மென்பொருளின் தரத்தில் சேர்த்தி என்று கருதுபவன் நான். இங்கே சோனிக் பை நெடுந்தூரம் முன்னால் நிற்கிறது.

காலத்தைக் கையாளும் முறையும் முதிர்ந்தது. நிகழ்வுகளை அரை விநாடி முன்கூட்டியே திட்டமிட்டு, முத்திரையிட்ட நேரத்தில் வெளியிடுவதால் கணினி சற்றே திணறினாலும் லயம் குலைவதில்லை. விசைப்பலகையிலிருந்து வரும் ஸ்வரத்தை வாங்கி உடனே திருப்பி அனுப்பும்போது அந்த அரை விநாடி பெரும் சுமை. நிகழ்நேரத்துக்கு மாறு என்று ஒரு வரி எழுதினால் அது விலகுகிறது. அந்த வரி தேவை என்பதைப் பயிற்சி நூல் ஒளிக்கவில்லை. கடிகாரத் துடிப்புக்கு ஒரு கட்டளை. அது ஒரு எண்ணிக்கைக்கு 24 துடிப்பைத் தானே பங்கிட்டு அனுப்புகிறது. 48ஆ 96ஆ என்று கணக்குப் போடும் வேலை இல்லை. தனி வட்டத்தில் (லூப்) அதை ஓடவிட்டால் மற்ற வட்டங்களில் நடக்கும் திருத்தம் அதைத் தொடுவதில்லை. முழு நிறுத்தம் கடிகாரத்தையும் சேர்த்தே நிறுத்துகிறது. அந்த வகையில் டைடலின்மேல் சொன்ன குறையில் ஒரு பகுதி இதற்கும் பொருந்தும்.

இவ்வளவு சொன்ன பிறகு இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். சோனிக் பையில் ஒருவர் செய்வது, ஒலி எழுப்பு, இவ்வளவு நேரம் உறங்கு, மீண்டும் எழுப்பு என்று வரிசையாகக் கட்டளையிடுவது. மூன்றும் ஐந்தும் ஏழும் உடன் ஓட வேண்டுமென்றால் மூன்று வட்டங்கள் எழுதியாக வேண்டும். ஒரு கோலத்தைத் தனிப்பொருளாக எடுத்துத் திருப்பி, மடித்து, இன்னொன்றோடு பின்னிப் பார்க்கும் ஆற்றல் இதில் மெலிவு. அடிகளைச் சீராகப் பரப்பும் வசதி உண்டு. டைடலில் அது மொழியின் நரம்பு, இங்கே கருவிப்பெட்டியில் ஒரு கருவி. மூன்று நிமிட இசையில் இது தெரியாது. அரை மணி நேரக் கச்சேரியில் எழுத்தின் அளவு பெருத்து, வாசிப்பவரின் கவனம் இசையைவிட நிரலின்மேல் விழத் தொடங்கும்.

ஹண்ட்ரட் ராபிட்ஸ் என்ற இருவர் குழு உருவாக்கிய ஆர்கா ஒரு கட்டத்தாள். ஆங்கில எழுத்து இருபத்தாறும் இருபத்தாறு செயல்கள். தாளில் எங்கே எழுத்தை வைக்கிறோம் என்பதே இலக்கணம். தனக்கென்று ஒலி இல்லாத மென்பொருள் என்பதால் மிடி இதற்குப் பின்னால் ஒட்டப்பட்ட வசதியாக இல்லை. முக்காற்புள்ளி ஒன்றை வைத்து, அதன் வலப்பக்கத்தில் சேனல், ஸ்தாயி, ஸ்வரம், விசை, நீளம் என்று ஐந்து எழுத்துகளை அடுக்கினால் ஸ்வரம் போகிறது. ஸ்வரத்தின் நீளம் அந்த ஐந்திலேயே அடங்குவதால் முடிவில்லாமல் தொங்கும் ஸ்வரம் அரிது. ஓட்டத்தை நிறுத்தினால் ஒலிகளை அடக்கும் செய்தியும் போகிறது. என் மூன்றாவது கேள்விக்கு மூன்றிலும் சுத்தமான விடை ஆர்காவுடையதுதான்.

முதல் கேள்விக்கு இதன் விடை பலவீனம். கருவியை மெனுவிலோ கட்டளைப் பட்டையிலோ தேர்ந்தெடுக்கிறோம். கட்டளையில் கொடுப்பது பெயரை அல்ல, இயங்குதளப் பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண்ணை. இன்னொரு கருவியைச் செருகினால் வரிசை மாறலாம். நேற்று வோல்காவுக்குப் போனது இன்று வேறெங்கோ போகலாம். ஒரு நேரத்தில் வெளியீடு ஒன்றுதான் என்பதால் மொத்தம் பதினாறு சேனல்களுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். சேனல் எண் 0இலிருந்து தொடங்குவதால் கருவியின் பத்தாம் சேனலுக்கு 9 எழுத வேண்டும். ஒரே எழுத்தில் பதினாறு சேனல்களையும் அடக்க இது தேவைப்பட்டது என்பது புரிகிறது, உள்ளுக்குள் முரணில்லை. கருவியின் முகப்போடு முரண் இருக்கிறது.

நுணுக்கத்திலும் எல்லை உண்டு. நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்றால் ஓர் எண்ணிக்கைக்கு நான்கு சட்டகம். ஒரு சட்டகம் 125 மில்லி விநாடி. இரண்டு சட்டகத்துக்கு நடுவே எதுவும் நடக்க முடியாது. வேகத்தை இரட்டித்து எழுதினால் நடு இடம் கிடைக்கும். தாளின் பரப்பு அதற்கேற்ப நீளும். விசைக்குப் பதினாறு படிகள். கட்டுப்பாட்டு மதிப்புகளுக்கு 36 படிகள். கருவி 128 படிகளைக் கேட்கக் கூடியது. ஃபில்டரை மெல்லத் திறக்கும்போது படிக்கட்டு காதில் விழும். இந்தக் குறுக்கம் ஆர்காவின் தேர்வு. ஒரே எழுத்தில் ஒரே மதிப்பு என்ற விதியை எங்கும் மீறாததால் கிடைக்கும் கட்டுக்கோப்பு அபூர்வமானது. அந்தக் கட்டுக்கோப்புக்கு இசை தரும் விலையும் பெரியது.

இங்கே கர்னாடக இசை அறிந்த வாசகர் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு இடம் தர வேண்டும். கமகத்தை இவற்றில் எழுத முடியுமா? மிடியில் சுருதி வளைப்பு 14 பிட். 16,384 படிகள், நடுநிலை 8192. கருவி மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம் என்ற வழக்கமான எல்லையில் இருந்தால் ஒரு படி செவிக்கு எட்டாத அளவு நுண்ணியது. ஆகவே தடை நெறிமுறையின் நுணுக்கத்தில் இல்லை. டைடல் அந்த முழு எல்லையையும் எண்ணாகவே ஏற்கிறது. தொடர் அலையைத் துண்டுகளாக்கி அனுப்பலாம். சோனிக் பை 0 முதல் 1 வரை பின்னமாகவும் ஏற்கிறது, மூல எண்ணாகவும் ஏற்கிறது. ஆர்கா இரண்டு எழுத்துகளில் சொல்லச் சொல்கிறது. மூன்றிலும் வளைவு ஒரு தனி ஓடையாக, ஸ்வரத்துக்கு வெளியே ஓடுகிறது. காந்தாரத்தின் அசைவு அந்தக் காந்தாரத்துக்கே உரிய வடிவம் என்று எழுதிவைக்க எந்த மொழியிலும் இயல்பான இடமில்லை. வளைப்பு சேனல் முழுவதற்கும் பொது என்பதால், அதே சேனலில் ஒலிக்கும் சட்ஜமும் சேர்ந்து ஆடிவிடும். ஸ்வரத்துக்கு ஒரு சேனல் ஒதுக்கும் எம்பிஇ முறை 2018இல் தரமாக ஏற்கப்பட்டது. அந்தப் பங்கீட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இந்த மொழிகள் வளரவில்லை. எழுதுபவரே கையால் பிரிக்க வேண்டும். ஒற்றைக் குரலுக்கு இது இயலும். பலகுரலுக்கு உழைப்பு பலனை மிஞ்சும்.

அளவுகோலுக்கு உண்மையாக இருந்தால் என் தீர்ப்பில் முதலிடம் சோனிக் பைக்கு. கருவியின் பெயர், சேனல், கடிகாரம் எல்லாம் கோர்வையின் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. எழுதியதை எடுத்துக்கொண்டு போய் இன்னோர் அறையில் எழுப்ப முடிகிறது. இரண்டாமிடம் டைடலுக்கு. இசைச் சிந்தனையில் அது முதல் என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். பின்னங்களில் காலத்தைக் கணக்கிட்டு, கருவிக்குக் கருவி தாமதத்தைச் சீராக்கத் தெரிந்த மென்பொருள், கருவியின் பெயரை மட்டும் தன் தாளில் எழுத இடம் தராதது பெரிய குறை. மூன்றாமிடம் ஆர்காவுக்கு. தன் வரம்பைத் தானே வகுத்து அதற்குள் பிழையின்றி நிற்கும் நேர்மை அதற்குண்டு. ஒரே கருவியும் அடர்ந்த தாளமும் போதும் என்பவர் அதையே முதலில் வைத்தால் மறுத்துப் பேச மாட்டேன்.

டைடலின் குறை கோல மொழியின் இயல்பிலேயே உள்ளது, விலக்க முடியாதது என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்துக்கு மறுப்பு டைடலின் குடும்பத்திலேயே இருக்கிறது. ஃபீலிக்ஸ் ரூஸும் அலெக்ஸ் மெக்லீனும் ஜாவாஸ்கிரிப்டில் கொண்டுவந்த ஸ்ட்ரூடல், அதே கோல மொழியை உலாவிக்குள் ஓட்டுகிறது. அங்கே ஒரு கோலத்தின் வாலில் மிடி என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் கருவியின் பெயரைக் கொடுத்தால் முடிந்தது. இணைந்துள்ள கருவிகளின் பெயர்களையும் அது தன் பதிவில் காட்டுகிறது. உலாவியின் தயவில் வாழ்வதால் அதற்கு வேறு கட்டுகள் உண்டு. குரோம் 2015 முதல் மிடியை ஏற்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் 2022 டிசம்பரில்தான் ஏற்றது, சஃபாரி ஏற்கவில்லை. முதலில் பயனரின் அனுமதி வேண்டும். காலக் கட்டுப்பாடும் ஓரளவு உலாவியின் கையில். அதனால் அதை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. ஆனால் பெயரையும் கோலத்தையும் ஒரே வரியில் எழுதலாம் என்பதை அது நடத்திக் காட்டிவிட்டது. டைடல் இதைச் செய்ய ஹாஸ்கெலையோ சூப்பர்கொலைடரையோ கைவிட வேண்டியதில்லை. தாளில் எழுதிய கருவிப்பெயர் சூப்பர்டர்ட்டுக்குச் செய்தியாகப் போக வேண்டும். அங்கே போர்ட் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் இல்லாத கருவியின் பெயரைச் சொல்லும் பிழைச்செய்தி டைடல் சாளரத்திலேயே விழ வேண்டும். அது நடந்தால் முதல் இரண்டு இடங்களும் இடம் மாறும்.